வேலை நேரப் பதிவைக் குழு அரட்டையுடன் இணைப்பது எப்படி? சிறு நிறுவனங்களும் ஊழியர்களும் அறிய வேண்டியவை

"வந்துட்டேன் அண்ணே" என்று காலையில் ஒரு செய்தி. "கிளம்பிட்டேன்" என்று மாலையில் இன்னொரு செய்தி. பல சிறு நிறுவனங்களில் வேலை நேரக் கணக்கு இன்று இப்படித்தான் ஓடுகிறது. துப்புரவுப் பணி, லோரிப் போக்குவரத்து, குளிர்சாதனப் பழுதுபார்ப்பு, பாதுகாவலர் சேவை, விருந்துச் சமையல் என்று ஆட்கள் அலுவலகத்துக்கு வராமலேயே வேலைக்குப் போகும் தொழில்களில், வாட்ஸ்அப் எனும் புலனக் குழுவே வருகைப் பதிவேடாகிவிட்டது.

சிக்கல் மாதக் கடைசியில் வருகிறது. பிறந்தநாள் வாழ்த்து, காலை வணக்கப் படம், வேலை உத்தரவு ஆகியவற்றுக்கு நடுவே யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று தேடி எடுக்க வேண்டும். ஒருவர் கணக்கில் இரண்டு மணி நேரம் குறைகிறது. இன்னொருவர் கணக்கில் அரை நாள் கூடுகிறது. செய்தி அனுப்ப மறந்தவர் வேலைக்கே வராதவர் ஆகிறார்.

இதற்கான வழிகளில் ஒன்றுதான் நேரப் பதிவுக் கருவியைக் குழு அரட்டைச் செயலியுடன் இணைப்பது. ஊழியர் தமக்குப் பழகிய குழுவிலேயே ஒரு பொத்தானைத் தட்டுவார். அவருடைய பெயர், நாள், மணி ஆகியவை பின்னால் இருக்கும் பதிவேட்டில் தானாக ஏறிவிடும். இதைச் செய்வது கடினம் அல்ல. ஆனால் பதிவு எங்கே தங்குகிறது, அதை யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்பதை முதலிலேயே முடிவு செய்யாவிட்டால், இணைப்பு ஒழுங்காக ஓடும். சம்பளம் மட்டும் தவறும்.

பெரட்டுக்களமும் செக்ரோலும்

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். வந்து நின்றவரின் பெயர் செக்ரோலில் ஏறும். கிராணியார் எழுதியதே கணக்கு. கணக்கில் இருந்ததே சம்பளம். பால்மரம் வெட்டியவர் ஒருவர், பாலின் எடையை எழுதியவர் வேறொருவர். எழுதப்படாத வேலை செய்யப்படாத வேலையாகவே போனது.

அன்று புத்தகம் ஒரு பக்கத்தாரின் கையில் மட்டுமே இருந்தது. இன்றைய கருவி வேகமாகக் கணக்குப் போடுகிறது என்பது உண்மைதான். அதைவிடப் பெரிய பயன், ஒரே பதிவை முதலாளியும் ஊழியரும் ஒரே நேரத்தில் பார்க்க முடிகிறது என்பது. இந்த ஒன்றை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அமைத்தால், செக்ரோல் கைப்பேசிக்குள் குடிபோயிருக்கிறது, அவ்வளவுதான்.

சட்டம் கேட்பது என்ன?

தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் நடப்பில் உள்ளது. சபாவுக்கும் சரவாக்கிற்கும் தனித்தனித் தொழிலாளர் சட்டங்கள் உண்டு. 2023 ஜனவரி 1 முதல் வாராந்தர வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டது. நேரப் பதிவை அமைப்பவர்கள் கவனிக்க வேண்டிய விதிகள் இவை:

ஒரு நாளின் வழக்கமான வேலை நேரம் 8 மணி. இடையில் வரும் ஓய்வையும் சேர்த்து அந்த வேலை 10 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். குறைந்தது 30 நிமிட ஓய்வு இல்லாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. சில விதிவிலக்குகள் தவிர, ஒரே நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யச் சொல்லக்கூடாது. மிகைநேர வேலைக்கு மாதத்திற்கு 104 மணி நேரம் என்ற உச்சவரம்பு உண்டு.

வழக்கமான நாளில் மிகைநேரத்துக்கு மணிச் சம்பளத்தின் ஒன்றரை மடங்கும், வார ஓய்வு நாளில் இரண்டு மடங்கும், பொது விடுமுறை நாளில் மூன்று மடங்கும் குறைந்த அளவாகத் தரப்பட வேண்டும். மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் சம்பளம் வாங்குவோருக்கு இந்த மிகைநேர விதி பொருந்தாது.

இன்னொரு விதி பலருக்குத் தெரிவதில்லை. ஊழியர் முதலாளியின் வசம் இருந்து, தம் நேரத்தையும் நடமாட்டத்தையும் தம் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடியாத நேரம் முழுவதும் வேலை நேரமே என்று சட்டம் சொல்கிறது. கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலனுக்காக லோரியில் காத்திருக்கும் உதவியாளர் சும்மா உட்கார்ந்திருப்பது போல் தெரியலாம். ஆனால் அவர் வீட்டுக்குப் போக முடியாது. அந்தக் காத்திருப்பும் கணக்கில் வர வேண்டும். "சாமான் ஏற்றிய நேரம்" மட்டும் பதிவாகும்படி பொத்தான் வைத்தால் கணக்கு அங்கேயே கோணலாகிறது.

எல்லாவற்றிலும் முக்கியம், முதலாளி ஊழியர் பதிவேடுகளை வைத்திருக்க வேண்டும். அதில் எழுதப்பட்ட ஒவ்வொரு விவரமும் எழுதிய நாளிலிருந்து 6 ஆண்டுகளுக்குக் குறையாமல் சோதனைக்குக் கிடைக்க வேண்டும். இந்த 6 ஆண்டு என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொண்டுதான் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சிங்கப்பூரில் எண்கள் வேறு. அங்கு வேலைவாய்ப்புச் சட்டத்தின் நான்காம் பகுதிக்கு உட்பட்டவர்களுக்கு வாரம் 44 மணி நேரம், மிகைநேரத்துக்கு ஒன்றரை மடங்கு, மாதத்திற்கு 72 மணி நேர உச்சவரம்பு. உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கு மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளி வரையிலும், மற்ற ஊழியர்களுக்கு 2,600 வெள்ளி வரையிலும் அந்தப் பகுதி பொருந்தும். ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் ஆள் வைத்திருக்கும் நிறுவனங்கள் ஒரே கருவியை வைத்துக்கொள்ளலாம். விதிகளை மட்டும் இரண்டாகப் பிரித்து அமைக்க வேண்டும்.

20 நிமிடத்தின் விலை

மாதம் 2,080 ரிங்கிட் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சட்டப்படி மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் நாள் சம்பளம் 80 ரிங்கிட். அதை 8ஆல் வகுத்தால் மணிக்கு 10 ரிங்கிட். வழக்கமான நாளில் ஒரு மணி மிகைநேரத்துக்கு 15 ரிங்கிட்.

இவர் தினமும் வேலை முடிந்து 20 நிமிடம் கூடுதலாக நிற்கிறார், அது பதிவாவதில்லை. மாதத்தில் 24 நாள் என்றால் 480 நிமிடம், அதாவது 8 மணி நேரம். 120 ரிங்கிட் போய்விட்டது. ஓராண்டில் 1,440 ரிங்கிட். பத்துப் பேர் உள்ள நிறுவனத்தில் 14,400 ரிங்கிட். செய்யாத 20 நிமிடம் தவறாக ஏறினால் அதே தொகை முதலாளியின் பையிலிருந்து போகும். இரு தரப்புக்கும் துல்லியம் தேவைப்படுவது இதனால்தான்.

பல நேரப் பதிவுக் கருவிகளில் மணியைச் சுருக்கும் வசதி உண்டு. 15 நிமிடத்துக்கு ஒருமுறை கீழ்நோக்கிச் சுருக்கும்படி வைத்தால் 5.44க்கு முடித்தவர் 5.30க்கு முடித்ததாக ஆவார். இந்த வசதியை அணைத்து, உள்ளது உள்ளபடி நிமிடக் கணக்கில் பதிவதே வம்பில்லாத வழி. மதிய உணவுக்கு ஒரு மணி நேரத்தைத் தானாகக் கழிக்கும் அமைப்பும் இப்படித்தான். ஊழியர் உண்மையில் அந்த ஒரு மணி நேரமும் ஓய்வில் இருந்தாரா என்பதை அவரே தட்டிப் பதிவு செய்யும்படி வைப்பது நல்லது.

இணைப்பு எப்படி வேலை செய்கிறது?

இதில் மூன்று பங்குகள் உள்ளன. முதலாவது அரட்டைச் செயலி. ஊழியர் பார்ப்பது இதைத்தான். இரண்டாவது நேரப் பதிவுக் கருவி. கணக்கு தங்கும் இடம் இது. மூன்றாவது இரண்டுக்கும் நடுவே தகவலைச் சுமந்து செல்லும் பாட் எனப்படும் தானியங்கி.

ஊழியர் பொத்தானைத் தட்டியதும் அரட்டைச் செயலி ஒரு சிறு தகவலைத் தானியங்கிக்கு அனுப்புகிறது. யார் தட்டினார், எந்தப் பொத்தான், எத்தனை மணி என்பது அதில் இருக்கும். தானியங்கி அதைப் பதிவேட்டில் எழுதி, "காலை 7.02க்கு வேலை தொடங்கியது" என்று பதில் அனுப்புகிறது. இந்தப் பதில் மிகவும் முக்கியம். தட்டியவருக்குத் தம் நேரம் பதிவானது என்பதற்கு உடனடிச் சான்று அதுதான்.

இணைக்க மூன்று வழிகள் உண்டு. நேரப் பதிவுக் கருவியின் நிறுவனமே தயாரித்து வைத்திருக்கும் இணைப்பைப் பயன்படுத்துவது எளிது. வெப்ஹுக் எனப்படும் இணைய முகவரி மூலம் கருவியிலிருந்து குழுவுக்கு அறிவிப்பு மட்டும் அனுப்புவது இரண்டாவது. இதில் தகவல் பெரும்பாலும் ஒருவழியாகவே போகும், "இன்று மூவர் வரவில்லை" என்று தெரிவிக்க இது போதும். சொந்தமாக ஒரு தானியங்கியை எழுதிக்கொள்வது மூன்றாவது. கணினித்துறை படித்த ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் இதையும் செய்துவிடலாம். ஆனால் அது கெட்டுப்போனால் பழுதுபார்க்க அவர் இருக்க வேண்டும்.

எந்தச் செயலிக்கு எது பொருந்தும்?

வாட்ஸ்அப்: எல்லாரிடமும் இருப்பது இதுதான், இந்த வேலைக்குக் கடினமானதும் இதுதான். சாதாரண வாட்ஸ்அப் குழுவில், டெலிகிராமில் சேர்ப்பதுபோல் ஒரு தானியங்கியை எளிதில் உறுப்பினராகச் சேர்க்க முடியாது. வணிகங்களுக்கான தனித் தளம் உண்டு. அது முக்கியமாக வாடிக்கையாளருடன் பேசுவதற்கு அமைந்தது. அனுமதியில்லாத மென்பொருளால் குழுச் செய்திகளைப் படித்தெடுக்க முயன்றால் எண்ணே முடக்கப்படலாம். தவிர, வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், பிறகு எல்லாருக்கும் அழிக்கலாம், தானாக மறையும்படியும் வைக்கலாம். பதிவேட்டுக்கு இவை எதுவும் ஆகாது.

டெலிகிராம்: சிறு நிறுவனங்களுக்கு வசதியானது. பாட்ஃபாதர் என்ற கணக்கில் பேசிச் சில நிமிடங்களில் ஒரு தானியங்கியை இலவசமாக உருவாக்கலாம். குழுவில் சேர்க்கப்படும் தானியங்கி, இயல்பான அமைப்பில், தனக்கு வரும் கட்டளைகளையும் தனக்கான பதில்களையும் மட்டுமே பார்க்கும். மற்றவர்கள் பேசிக்கொள்வதைப் படிக்காது. இது ஊழியர்களுக்கு நல்ல பாதுகாப்பு, இதை மாற்ற வேண்டாம். டெலிகிராம் கட்டளைகளை உரோமன் எழுத்துகளில்தான் வைக்க முடியும். ஆனால் செய்தியின் கீழே வரும் பொத்தான்களில் தமிழ் எழுத்து வரும். "வேலை தொடக்கம்", "ஓய்வு", "ஓய்வு முடிந்தது", "வேலை முடிவு" என்று நான்கு பொத்தான் வைத்தால் ஆங்கிலம் தட்டத் தெரியாத மூத்த ஊழியரும் சிரமமின்றிப் பயன்படுத்துவார்.

ஸ்லாக்: அலுவலக வேலை செய்யும் குழுக்களில் அதிகம். ஹார்வெஸ்ட், ஜிபிள் போன்ற நேரப் பதிவுக் கருவிகள் இதற்குத் தயார் இணைப்பைத் தருகின்றன. இலவசத் திட்டத்தில் 10 இணைப்புகள் வரைதான் சேர்க்கலாம். கடைசி 90 நாள் செய்திகளை மட்டுமே பார்க்க முடியும்.

மைக்ரோசாஃப்ட் டீம்ஸ்: ஏற்கெனவே சந்தா கட்டும் நிறுவனங்கள் வெளியே தேடுமுன் ஷிஃப்ட்ஸ் என்ற பகுதியைப் பார்க்கலாம். வேலைமுறை அட்டவணையோடு வருகை, புறப்பாடு பதியும் கடிகாரமும் அதிலேயே உள்ளது.

அமைக்கும் முறை

1. முதலில் பெயர்ப் பட்டியல். ஒவ்வொரு ஊழியரின் அரட்டைக் கணக்கு எண்ணையும் நிறுவன ஊழியர் எண்ணையும் பொருத்தி வைக்க வேண்டும். திரையில் தெரியும் பெயரை நம்பக்கூடாது. ஒரே குழுவில் மூன்று குமார் இருக்கலாம். தீபாவளிக்கு ஒருவர் தம் பெயரையே மாற்றி வைக்கலாம். ஒவ்வொரு கணக்குக்கும் செயலி வழங்கும் எண் மாறாது.

2. எந்தெந்த நிகழ்வைப் பதிவது என்று முடிவு செய்ய வேண்டும். தொடக்கம், முடிவு, ஓய்வின் இரு முனைகள் ஆகிய நான்கு போதும். பொத்தான் கூடக் கூடப் பிழையும் கூடும்.

3. இணைப்புக்கு அனுமதி கொடுக்கும்போது, கருவி என்னென்ன கேட்கிறது என்று வாசிக்க வேண்டும். வருகையைப் பதிய வந்த கருவி குழுவின் எல்லாச் செய்திகளையும் படிக்க அனுமதி கேட்டால், ஏன் என்று கேட்காமல் ஒப்புக்கொள்ளக்கூடாது.

4. தானியங்கிக்கு டோக்கன் எனப்படும் இரகசிய எழுத்துத்தொடர் கிடைக்கும். அது வீட்டுச் சாவி மாதிரி. குழுவில் ஒட்டக்கூடாது, படம் பிடித்து அனுப்பக்கூடாது. கைமாறியது தெரிந்தால் உடனே அதை நீக்கிவிட்டு வேறு பெற வேண்டும்.

5. பதில் செய்தி தட்டியவருக்கு மட்டும் போகட்டும். ஒருவர் தாமதமாக வந்தது முப்பது பேர் பார்க்கும் குழுவில் வர வேண்டியதில்லை. குழுவுக்கு அன்றைய சுருக்கம் போதும்.

6. திருத்தும் உரிமை யாருக்கு என்று எழுதி வைக்க வேண்டும். மேற்பார்வையாளர் திருத்தலாம், ஆனால் பழைய நேரம், புதிய நேரம், திருத்தியவர், காரணம் ஆகிய நான்கும் பதிவில் நிற்க வேண்டும். அந்த நிமிடமே ஊழியருக்கும் அறிவிப்புப் போக வேண்டும். பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதும் கருவி வேண்டாம்.

கணக்கு தவறும் இடங்கள்

நேர மண்டலம்: மலேசிய நேரம் உலகப் பொது நேரத்தைவிட 8 மணி நேரம் முன்னே நிற்கிறது. தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி, 1982 ஜனவரி 1இல் நாடு முழுவதும் ஒரே நேரம் ஆக்கப்பட்டதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெளிநாட்டுக் கருவிகள் பல உலகப் பொது நேரத்திலேயே எழுதுகின்றன. திங்கட்கிழமை காலை 7 மணி அங்கே ஞாயிற்றுக்கிழமை இரவு 11 மணி. அமைப்பை மாற்றாவிட்டால் திங்கள் வேலை ஞாயிறு ஓய்வு நாள் வேலையாக ஏறும். விடுமுறைக்கு மறுநாள் வேலை விடுமுறை நாள் வேலையாக ஏறும். ஒன்றரை, இரண்டு, மூன்று மடங்குக் கணக்கெல்லாம் குழம்பிவிடும். சென்னையில் ஆள் வைத்து வேலை வாங்கும் நிறுவனங்களுக்கு அங்கே இரண்டரை மணி நேரம் பின் என்பதும் உண்டு.

இரவு வேலை: இரவு 7 மணிக்குத் தொடங்கிக் காலை 7 மணிக்கு முடிக்கும் பாதுகாவலரின் வேலையை, நள்ளிரவில் நாளை மூடும் கருவி இரண்டு துண்டாக்கும். ஒரு நாள் 5 மணி நேரம், மறுநாள் 7 மணி நேரம் என்று காட்டும். இரண்டும் 8 மணிக்குக் கீழே; மிகைநேரமே இல்லாமல் போய்விடும். வேலைமுறை தொடங்கிய நாளோடு முழு நேரத்தையும் சேர்க்கும் அமைப்பு இருக்கிறதா என்று வாங்குமுன் கேட்க வேண்டும்.

இருமுறை ஏறுவது: ஸ்லாக்கில் ஒரு கட்டளைக்கு 3 விநாடிக்குள் பதில் வராவிட்டால் பிழை என்று காட்டும். பதிவு உள்ளே ஏறியிருக்கலாம். ஆனால் ஊழியர் மறுபடியும் தட்டுவார். டெலிகிராமும் தகவல் போய்ச் சேரவில்லை என்று எண்ணினால் அதையே மறுபடி அனுப்பும். தானியங்கி முதலில் "கிடைத்தது" என்று பதில் சொல்லிவிட்டுப் பிறகு எழுத வேண்டும். ஒரே எண்ணுள்ள தகவல் இரண்டாம் முறை வந்தால் தள்ளிவிட வேண்டும்.

கணினி அணைந்திருப்பது: டெலிகிராம் தானியங்கியை அலுவலகக் கணினியில் ஓடவிட்டு, சனிக்கிழமை மதியம் மின்சாரத்தை அணைத்துவிட்டுப் போகும் நிறுவனங்கள் இதைக் கவனிக்க வேண்டும். தானியங்கி பெறாத தகவல்களை டெலிகிராம் 24 மணி நேரம்வரைதான் வைத்திருக்கும். ஞாயிறு வேலை செய்தவரின் பதிவு திங்கள் காலையில் கிடைக்காமலே போகலாம்.

லைன் இல்லாத இடம்: செம்பனைத் தோட்டத்தின் உட்பகுதியிலும் கட்டடங்களின் கீழ்த்தளத்திலும் லைன் கிடைக்காது. காலை 6.30க்கு அனுப்பிய செய்தி 9 மணிக்குப் போய்ச் சேர்ந்தால் கருவி 9 மணி என்றே எழுதும். இப்படிப்பட்ட வேலையிடங்களில் மண்டோர் கையில் ஒரு தாள் பதிவு இருக்கட்டும். லைன் கிடைத்ததும் காரணத்தோடு திருத்தம் போடலாம்.

மறந்துபோவது: வேலை முடிவைத் தட்ட மறப்பது எங்கும் நடக்கும். 12 மணி நேரம் தாண்டிய பதிவை மூடாமல் வைத்து, ஊழியரிடமும் மேற்பார்வையாளரிடமும் கேட்கும்படி அமைப்பதே சரி. தானாக 8 மணி நேரம் என்று போட்டு மூடும் அமைப்பு, அன்று உண்மையாகவே மிகைநேரம் செய்தவரின் பணத்தைத் தின்றுவிடும்.

அரட்டை வேறு, பதிவேடு வேறு

இணைத்த பிறகு பல நிறுவனங்கள் "எல்லாம் குழுவில் இருக்கிறதே" என்று நிம்மதியாகிவிடுகின்றன. இலவச ஸ்லாக்கில் கண்ணுக்குத் தெரிவது 90 நாள். ஓராண்டைத் தாண்டியவை அழிக்கப்படுகின்றன. சட்டம் கேட்பதோ 6 ஆண்டு. கைப்பேசி தொலைந்தாலும், குழுவை உருவாக்கியவர் வேலையை விட்டுப் போனாலும், கருவிக்குச் சந்தா கட்டாமல் விட்டாலும் பதிவு போய்விடக்கூடாது.

எளிய பழக்கம் ஒன்று போதும். ஒவ்வொரு மாதமும் சம்பளம் போடுமுன் முழுப் பதிவையும் கோப்பாக இறக்கி, நிறுவனத்தின் சொந்தக் கணினியிலும் வேறோர் இடத்திலும் சேமிக்க வேண்டும். ஒவ்வொரு ஊழியருக்கும் அவருடைய பக்கத்தை மட்டும் சம்பளச் சீட்டோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். திருத்தங்களும் அதில் தெரிய வேண்டும்.

தனிப்பட்ட தகவலுக்கு வேலி

நேரப் பதிவு என்ற பெயரில் கருவிகள் வேறு பலவற்றையும் சேகரிக்கின்றன. ஊழியர் நிற்கும் இடம், முகப்படம், கணினித் திரையின் படம் வரை சில கருவிகள் எடுக்கும். 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, என்ன தகவல், எதற்காக, யாரிடம் பகிரப்படும் என்பதை எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். தமிழில் ஒரு விளக்கத்தையும் சேர்த்துக் கொடுத்தால் கையெழுத்திடுபவருக்கு எதற்குக் கையெழுத்திடுகிறோம் என்று புரியும்.

2024இல் நிறைவேறிய திருத்தத்தால், முக அடையாளம், கைரேகை போன்ற உடல் அடையாளத் தகவல்கள் உணர்வுபூர்வமான தகவல் வகைக்குள் வந்துள்ளன. அவற்றுக்கு வெளிப்படையான சம்மதம் தேவை. பொத்தான் போதுமென்றால் முகப்படம் வேண்டாம். இருப்பிடம் தேவையென்றால் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் எடுத்தால் போதும். மதிய உணவுக்கு எங்கே போனார் என்பது முதலாளிக்குத் தேவையில்லாத தகவல்.

ஊழியர்கள் செய்ய வேண்டியவை

ஒவ்வொரு முறை தட்டியதும் பதில் வந்ததா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் அந்த நிமிடமே மேற்பார்வையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த செய்தியை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

நண்பருக்காகத் தட்டுவதும், நண்பரிடம் கைப்பேசியைக் கொடுத்துத் தட்டச் சொல்வதும் வேண்டாம். ஒரு நாள் உதவியாகத் தெரியும். பிறகு விபத்து நேர்ந்தால் அந்த நேரத்தில் யார் எங்கே இருந்தார் என்ற கேள்வி வரும்போது, சொக்சோ இழப்பீட்டுக்கே அந்தப் பொய்ப் பதிவு தடையாக நிற்கக்கூடும்.

சொந்தமாக ஒரு சிறு குறிப்பேடு வைத்திருப்பது நல்லது. நாள், வந்த மணி, போன மணி, ஓய்வு ஆகிய நான்கு பத்தி போதும். மாதக் கடைசியில் கருவியின் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தம்மைப் பற்றிய தகவலைக் கேட்டுப் பெறும் உரிமை தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உண்டு. கேட்டவருக்கு 21 நாளுக்குள் பதில் தர வேண்டும். கணக்கில் குறை இருந்தால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, தீர்வு கிடைக்காவிட்டால் அருகிலுள்ள தொழிலாளர் இலாகா அலுவலகத்தில் புகார் செய்யலாம். குறிப்பேடும் சம்பளச் சீட்டும் கையில் இருந்தால் பேசுவது எளிது.

தொடங்குமுன் ஒரு மாதம்

புதிய இணைப்பை அமைத்த மறுநாளே பழைய முறையை நிறுத்த வேண்டாம். ஒரு முழுச் சம்பள மாதத்துக்கு இரண்டும் சேர்ந்தே ஓடட்டும். அந்த மாதத்தில் ஒரு பொது விடுமுறையும் ஓர் இரவு வேலையும் வந்தால் இன்னும் நல்லது. நேர மண்டலப் பிழையும் நள்ளிரவுப் பிழையும் அப்போதுதான் வெளியே வரும். மாத முடிவில் மூன்று ஊழியர்களின் கணக்கை, அவர்களையும் பக்கத்தில் உட்காரவைத்து, கையால் போட்டுப் பார்க்க வேண்டும். கையால் போட்ட தொகையும் கருவி போட்ட தொகையும் சென் கணக்கில் ஒன்றாக வரும்வரை பழைய பதிவேட்டை மூடக்கூடாது.